குமானோவின் கொல்லைப்புறம்

ஜப்பானின் குமானோ ஹொங்கு கோயிலுக்குள் நுழைய இரண்டு வழி உண்டு. ஒன்று முன்வாசல். 158 கல்படிகள், இருமருங்கிலும் வரிசையாக வெள்ளைக் கொடிகள், படிகளுக்குக் கீழே பேருந்து நிறுத்தம். இன்னொன்று மலையிலிருந்து இறங்கி, நாலைந்து வீடுகளின் கொல்லைப்புறத்தைச் சுற்றி வந்து, கோயிலின் முதுகுப் பக்கமாக உள்ளே விடுகிறது. அந்தப் பின்வழிதான் யாத்திரைப் பாதை! பேரரசர்களும் பிச்சைக்காரர்களும் கவிஞர்களும் துறவிப் பெண்களும் ஆயிரம் ஆண்டுகளாக நடந்த தடம். கோயிலைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நடக்க வேண்டியது ஏழு கிலோமீட்டர்தான். ஹொஷின்மொன் ஓஜி என்ற சின்னச் சன்னிதியில் தொடங்கி ஹொங்குவில் முடியும் கடைசித் துண்டு. ஹொங்குவிலிருந்து பேருந்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் தொடக்க இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். வேகமாக நடப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரம் போதும். எங்களுக்கு முழுப் பகலும் ஆனது. காரணம் எங்கள் வழிகாட்டி அம்மாள்!

எழுபதை நெருங்கும் வயது. அகலமான தொப்பி, முழங்கால் வரை இறுக்கிக் கட்டிய துணிப்பட்டை, தோளில் பெரிய பை. பாதையோரத்துக் கிராமத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே கல்யாணமும் ஆனவர். அவருக்கு ஜப்பானிய மொழி, எனக்குத் தமிழ். நடுவில் ஒசாகாவில் வேலை பார்க்கும் என் அக்கா மகள். "சித்தி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசாதீங்க, நான் யார் சொல்றதைத்தான் கேட்கிறது?" என்று அவள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கத்த வேண்டியிருந்தது.

குமானோ இருக்கும் கீ தீபகற்பம் முழுக்க மலைதான். அதற்குள் ஹொங்கு, ஹயதாமா, நாச்சி என்று மூன்று பெருங்கோயில்கள். கியோத்தோவிலிருந்து நடந்து போய்த் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அப்படியிருந்தும் 907இல் பதவி துறந்த பேரரசர் உதா நடந்து வந்தார். பின்னால் வந்த கோ-ஷிரகாவா முப்பது முறைக்கு மேல் வந்தார், கோ-தொபா 28 முறை. அரசர்கள் நடந்த வழியில் பிறகு சாமுராய்களும் குடியானவர்களும் கூட்டம் கூட்டமாக நடக்கத் தொடங்க, எறும்புச் சாரியின் குமானோ யாத்திரை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வழிநெடுக ஓஜி என்ற துணைச் சன்னிதிகள். கணக்கு 99 என்பார்கள், நிறைய என்று அர்த்தம். 2004இல் யுனெஸ்கோ இந்தப் பாதைகளையும் கோயில்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வரலாறு அவ்வளவு போதும். எனக்குத் திரைக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் காட்சி, ஹொஷின்மொன் ஓஜியிலேயே. மரத்தடியில் செந்நிறம் பூசிய சிறு சன்னிதி, முன்னால் கல் தோரணவாயில். ஓரத்தில் கூரை வைத்த ஒரு மரப்பெட்டி, பார்க்கக் குருவிக் கூண்டு மாதிரி. அதற்குள் முத்திரைக் கட்டையும் மைத்தட்டும். நடப்பவர்கள் ஒவ்வொரு ஓஜியிலும் கையேட்டில் முத்திரை குத்திக்கொண்டே போக வேண்டும். அம்மாள் பெட்டியைத் திறந்ததும் முத்திரை குத்தவில்லை. மைத்தட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நாலு சொட்டு விட்டார், விரலாலேயே பரப்பினார், ஒரு பழந்துணியால் முத்திரைக் கட்டையின் இடுக்குகளைத் துடைத்தார். பிறகு என் கையேட்டை வாங்கி ஒரே அழுத்து. ஒரு கோடுகூட விடாமல் பளிச்சென்று விழுந்தது! உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வருகிறவர்கள் அந்த முத்திரையைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்களே, அதற்குப் பின்னால் இந்த அம்மாளின் மை படிந்த ஆள்காட்டி விரல் இருக்கிறது.

ஸ்பெயினின் சாந்தியாகோ பாதையையும் இதையும் நடந்து முடித்தவர்களுக்கு இரட்டை யாத்திரிகர் என்று பட்டம் கொடுக்கிறார்கள். அவர்கள் ஹொங்கு கோயிலில் பெரிய தைகோ முரசை அடிக்கலாம். "எங்க வீட்டுக்கே கேட்கும்" என்றார் அம்மாள். முரசுச் சத்தம் வந்தால் அடுப்படியிலிருந்தே கைதட்டுவாராம்.

இதே இடத்தில் 1201ஆம் ஆண்டின் கொல்லைப்புறமும் இருக்கிறது. அந்த ஆண்டு கோ-தொபா இந்த வழியாக வந்தார். அவருக்கு முன்னால் ஓடி, தங்கும் இடங்களை ஏற்பாடு செய்யும் வேலை ஒருவர் தலையில் விழுந்தது. யாரென்று நினைக்கிறீர்கள்? ஃபுஜிவாரா நோ தெய்கா! ஜப்பானியக் கவிதையின் மாபெரும் பெயர்களில் ஒன்று. நூறு கவிஞர்களின் நூறு பாடல்களைத் தொகுத்தவர். அவர் இங்கே ஊர்வலத்துக்கு முன்னோடியாக வந்து, இடம் பிடித்து, இருமிக்கொண்டே மலை ஏறி, இரவில் அரசர் வைக்கும் கவிதை அரங்குக்கும் தவறாமல் போக வேண்டியிருந்தது. அத்தனை அலுப்பையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ராஜ யாத்திரையின் தங்க முகப்பை ஓவியங்களில் பார்க்கலாம். அதன் ஈரத் துணியையும் கால் வலியையும் தெய்காதான் நமக்குக் காட்டுகிறார்.

ஹொஷின்மொன்னில் அப்போது பெரிய வாயில் ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் தெய்காவுக்கு மனம் பொங்கி வாயில் தூணிலேயே கவிதை எழுதிவிட்டார். அன்றிரவு தங்கிய துறவிப் பெண்ணின் இல்லத்திலும் ஒன்று எழுதினார். சுவரில் எழுதுவது அந்த அம்மைக்குப் பிடிக்காது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்ததாம்! இதைச் சொல்லும்போது எங்கள் அம்மாள் அந்தத் துறவிப் பெண்ணே ஆகிவிட்டார். இடுப்பில் கை, உதட்டில் சுளிப்பு. எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு வீட்டுக்காரியின் கோபத்தை நான் நேரில் பார்த்தேன். அந்தப் பயணத்தின் கவிதை அரங்குகளில் எழுதிய தாள்கள் இன்னும் இருக்கின்றன, குமானோ காய்ஷி என்ற பெயரில் பொக்கிஷமாகப் பாதுகாக்கிறார்கள்.

இங்கிருந்து பாதை ஊருக்குள் போகிறது. தேயிலை வரப்புகள், கல்லடுக்கிய பாத்திகள், ஒரு வீட்டு வாசலில் மரத்தில் செதுக்கிய சிரிக்கும் பொம்மைகள். வளைவுக்கு வளைவு ஆளில்லாக் கடைகள். நாலு பலகை, ஒரு தகரக் கூரை, மேலே ஊறவைத்த உமே என்ற ஜப்பானியப் பிளம் காய்ப் பொட்டலங்கள், பக்கத்தில் காசு போடும் டப்பா. ஜப்பானில் விளையும் உமேயில் பாதிக்கு மேல் இந்த வாகயாமா மாநிலத்தில் விளைகிறது. அம்மாள் ஒரு கடையின் பின்பக்கம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கொட்டகை, அதற்குள் வரிசையாக ஜாடிகள். கடைக்காரப் பாட்டி ஒரு ஜாடியின் மேலிருந்த கல்லைத் தூக்கி, மூடியைத் திறந்து காட்டினார். உப்பும் ஷிசோ இலையின் சிவப்பும் சேர்ந்து காய்கள் மினுமினுத்தன. ஒன்றை வாயில் போட்டதும் கண் இரண்டும் தானாக மூடிக்கொண்டன. அவ்வளவு புளிப்பு, அவ்வளவு உப்பு! "நடக்கிறவங்களுக்கு வேர்வையில போன உப்பெல்லாம் திரும்பி வந்துடுமாம் சித்தி" என்றாள் மருமகளுக்குச் சொல்லும் தோரணையில் என் அக்கா மகள்.

மிசுநொமி ஓஜியில் பழைய பள்ளிக் கட்டடத்தின் அருகே ஒரு நீரூற்று, பக்கத்தில் இரண்டு சிறு ஜிசோ சிலைகள். ஜிசோ வழிப்போக்கர்களைக் காக்கும் புத்த தேவர். அதில் ஒருவருக்கு இடுப்பில் விரிசல். அந்த விரிசலில் காசு செருகி வேண்டிக்கொண்டால் இடுப்புவலி தீரும் என்று நம்பிக்கை. அம்மாள் சட்டைப் பையிலிருந்து காசு எடுத்துச் செருகினார், தன் இடுப்பைத் தட்டினார், ஜிசோவின் இடுப்பையும் தட்டினார். ஒரே வலிக்காரர்கள் இருவருக்கும் பல நாள் பழக்கம் என்று தெரிந்தது.

அதன் பிறகு காடு. ஸுகி மரங்களும் ஹினோகி மரங்களும் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அரை கிலோமீட்டருக்கு ஒரு எண் கம்பம். அம்மாள் பையில் கட்டியிருந்த கரடி மணி கிணுகிணுக்க முன்னால் போனார். கரடிக்கு நாம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அது தன் பாட்டுக்கு ஒதுங்கிவிடுமாம். அவர் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நான் மரங்களை அண்ணாந்து பார்க்க, அவர் மண்ணைக் குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் நின்று, வேர்கள் புடைத்துக்கொண்டிருந்த ஒரு சரிவைக் கைத்தடியால் காட்டினார்.

கீ மலைகள் ஜப்பானிலேயே மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஒவ்வொரு பெருமழையும் பாதையின் மண்ணை வாரிக்கொண்டு போகிறது. மண் போனால் கல் ஆடும், வேர் வெளியே வரும், நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள், பாதை அகன்று சிதையும். உலகப் பாரம்பரியம் என்பதால் சிமெண்டைக் கொட்டி மெழுகிவிட முடியாது, குறுகிய மலைத்தடத்தில் வண்டியும் வராது. ஆகவே மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்! நிறுவன ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள், விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். கீழே சாலையோரத்தில் ஆளுக்கொரு மண்மூட்டை. தூக்கிக்கொண்டு ஏறி, பள்ளத்தில் கொட்டி, மரத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அம்மாள் தன் பையிலிருந்து கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரு புகைப்படம் எடுத்தார். இதே சரிவு, வரிசையாக மண்மூட்டைகளோடு ஜனங்கள், கடைசியில் அவர், திமிசுக்கட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி.

"இப்ப நீ நிக்கிறியே, அந்த மண்ணு நான் போட்டதுன்னு சொல்றாங்க சித்தி."

நான் சட்டென்று காலை எடுத்துவிட்டேன். அம்மாள் என் தோளைப் பிடித்து மறுபடி அங்கேயே நிறுத்தினார். மிதித்தால்தான் மண் இறுகுமாம். யாத்திரிகர்கள் நடப்பதும் பராமரிப்பு வேலையில் ஒரு பங்கு. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நாம் வியக்கும் தரை போன மழைக்காலத்துக்குப் பிறகு போட்டதாக இருக்கலாம். அது எனக்குக் கொஞ்சமும் ஏமாற்றமாக இல்லை. பழமை தானாக நிற்பதில்லை, யாரோ சுமக்கிறார்கள். அந்த யாரோவின் கையைப் பிடித்துக் குலுக்கும் வாய்ப்பு எத்தனை இடங்களில் கிடைக்கும்?

காட்டுக்கும் அப்படி ஒருவர் உண்டு. மினகாதா குமாகுசு, 1867இல் பிறந்த இயற்கை ஆய்வாளர், தனாபே நகரில் வாழ்ந்தவர். 1906இல் அரசு சின்னச் சின்ன ஊர்க்கோயில்களை எல்லாம் இணைத்து மூடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கோயிலை மூடினால் அதன் தோப்பு கோடரிக்குப் போகும். குமாகுசு கொதித்துப்போய் கடிதம் கடிதமாக எழுதினார், 1910இல் ஒரு கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்து சிறைக்கும் போனார். இந்தப் பாதையில் மேற்கே நோனாகா என்ற ஊரில் கோயில் மரங்கள் சில இன்னும் நிற்பதற்கு அந்தப் போராட்டமும் காரணம். அதே மனிதரைத் தேடி 1929இல் பேரரசர் ஹிரோஹிதோ தனாபேக்கே வந்தார். அரசருக்குக் கொடுக்கும் பொருளை விலையுயர்ந்த மரப்பெட்டியில் வைத்துத்தான் கொடுப்பது வழக்கம். குமாகுசு 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைக் கேரமல் மிட்டாய்ப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார்! அம்மாள் ஒரு பட்டுப்போன அடிமரத்தைப் புரட்டி, அதன் அடியில் மஞ்சளாகப் படர்ந்திருந்த ஒன்றைக் காட்டினார். சளிப்பூஞ்சை. மூன்று பேரும் மண்டியிட்டு அதன் முன்னால் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியவில்லை.

காடு விலகிய மேட்டில் ஃபுஷியோகாமி ஓஜி. கியோத்தோவிலிருந்து நாள்கணக்கில் நடந்து வந்தவர்களுக்குக் கோயில் இருந்த இடம் முதன்முதலில் தொலைவில் தெரிவது இங்கிருந்துதான். தெரிந்ததும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். மலை மடிப்புகளுக்கு நடுவே ஆறு வளைகிற ஒரு பசுந்திட்டு, அதைத்தான் நாங்களும் பார்த்தோம். ஓஜியை ஒட்டி ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் தேநீர்க் கடை. சிவப்பு ஷிசோ பானத்தைக் குடித்துக்கொண்டே இந்தப் பாதையின் உயிரான கதையைக் கேட்டோம்.

இசுமி ஷிகிபு. ஆயிரமாவது ஆண்டை ஒட்டி வாழ்ந்த கவிஞர், அரசவைப் பெண். அவர் இத்தனை தூரம் நடந்து, இந்த மேட்டுக்கு வந்து, கோயிலைக் கண்ணால் கண்ட வேளையில் அவருக்கு மாதவிடாய் வந்துவிட்டது. தீட்டோடு போக முடியாது. இங்கிருந்தே கும்பிட்டு, மனம் நொந்து ஒரு பாட்டு எழுதிவிட்டுப் படுத்தார். அன்றிரவு கனவில் குமானோ தெய்வம் வந்து பாட்டாலேயே பதில் சொன்னதாம். உலகத்துப் புழுதியோடு கலந்து இருக்கிற எனக்கு இதெல்லாம் ஒரு தடையா, வா என்று. மறுநாள் அவர் போய்த் தரிசனம் செய்தார்.

கதைதான், ஆனால் சும்மா வந்த கதை அல்ல. 1274இல் இப்பென் என்ற துறவி, மக்களுக்கு அமிதா புத்தரின் நாமச் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நம்பிக்கை இல்லை என்று சொல்லி ஒருவர் சீட்டை வாங்க மறுத்துவிட்டார். கலங்கிப்போன இப்பென் ஹொங்குவில் வேண்டிக்கொண்டபோது கிடைத்த அருள்வாக்கு, நம்புகிறவர் நம்பாதவர் என்று பார்க்காதே, தூய்மை தீட்டு என்று பார்க்காதே, எல்லோருக்கும் கொடு என்பது. அரசர்கள் காலம் போன பிறகு குமானோவின் புகழை நாடெங்கும் கொண்டுபோனவர்களும் பெண்கள்தான். குமானோ பிகுனிகள் என்ற துறவிப் பெண்கள் பெரிய ஓவியச் சுருளைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனார்கள். சந்தியில் அதை விரித்துப் போட்டு, சொர்க்க நரகங்களைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கதை சொல்லிக் காணிக்கை திரட்டினார்கள். எங்கள் அம்மாளின் பையிலும் அந்த ஓவியத்தின் சிறிய பிரதி ஒன்று இருந்தது. தேநீர்க் கடை மேசையில் அதை விரித்து, கைத்தடியின் நுனியால் தொட்டுக் காட்டத் தொடங்கியபோது எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. அந்த வேலை இன்னும் நின்றுவிடவில்லை!

இதே உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குள்தான் ஓமினே மலைத்தொடரின் சஞ்சோகாதகே சிகரமும் வருகிறது. அங்கே இன்றைக்கும் பெண்கள் ஏற முடியாது. பக்கத்துக் கோயா மலையிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை விடவில்லை. அந்த மலைகளுக்கு நடுவே, வா என்று சொன்ன ஒரு தெய்வம். நான் இந்தப் பாதையை விரும்ப எனக்கு வேறு காரணமே வேண்டாம்.

கதை முடிந்ததும் அம்மாள் ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார். என்னவென்று கேட்டோம். நடக்க வருகிறவர்கள் கேட்டுத் தனக்குப் பதில் தெரியாத கேள்விகளை எழுதி வைக்கிறார். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்து, அடுத்த கூட்டத்துக்குச் சொல்வார். நோட்டின் முதல் பக்கங்கள் கசங்கிப் பழுப்பேறியிருந்தன. அன்று நான் கேட்ட கேள்விகள் மட்டும் ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தன. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

சங்கென்ஜாயாவில் கோயா மலையிலிருந்து வரும் பாதை வந்து சேர்கிறது. பழைய சுங்கச் சாவடியின் மாதிரியாக ஒரு மர வாயில் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் மறுபடி காடு, ஒரு சிறு கிளைவழியில் ஏறினால் காட்சி மேடை, பிறகு ஒரே இறக்கம். வீடுகள் வந்தன, துணி காயும் கொடிகள் வந்தன, ஒரு நாய் வந்து மோந்து பார்த்தது. ஹராய்தோ ஓஜியில் யாத்திரைப் புழுதியைத் தட்டிவிட்டுத் தூய்மை செய்துகொள்வது வழக்கம். அங்கிருந்து நாலு எட்டு. பின்வாசல்!

பின்பக்கத்திலிருந்து நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கூரை. ஹினோகிப் பட்டைகளை மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூங்கில் ஆணிகளால் அறைந்து அமைத்த கூரை. ஓரத்தில் அந்த அடுக்குகளின் கனம் தெரிகிறது. கூரைக்குக் கீழே வண்ணப் பூச்சு எதுவும் இல்லாத மரம், அவ்வளவுதான். முற்றத்தில் ஒரு கறுப்புத் தபால் பெட்டி, அதன் தலையில் காகம். மூன்று கால் காகம், யதகராசு. முதல் பேரரசர் ஜிம்முவுக்கு மலைக்குள் வழி காட்டியதாகப் புராணம். ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்தில் பந்தின் மேல் கால் வைத்து நிற்பதும் இதே காகம்தான். பெட்டியின் அருகே தராயோ மரம். அதன் இலையின் முதுகில் குச்சியால் கீறினால் எழுத்து கறுப்பாகத் தெரியும். அக்கா மகள் உடனே ஒன்றில் தன் பெயரைத் தமிழில் கீறினாள்.

கோயில் தரும் காப்புத்தாளில் 88 காகங்கள் பறந்தும் உட்கார்ந்தும் எழுத்துகளாக நிற்கின்றன. சாமுராய்கள் இந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் சத்தியம் எழுதிக் கொடுத்தார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் குமானோவில் காகம் சாகும், எழுதியவர் இரத்தம் கக்குவார் என்பது நம்பிக்கை. தாளைத் திருப்பி அதன் வெற்று முதுகைத் தடவிப் பார்த்தேன். எத்தனை போர்களின் நிறுத்தமும் தொடக்கமும் இந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்!

அம்மாள் தன் போனை நீட்டினார். ஏப்ரல் 13, யுனோபோரித் திருவிழா. ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளைத் தகப்பன்மார் தோளில் தூக்கிக்கொண்டு வெந்நீர் ஊற்றுள்ள யுனோமினேக்குப் போய், நீராட்டி, மலைவழியாகத் திரும்புவார்கள். குழந்தைகளுக்குள் தெய்வம் இறங்கியிருப்பதால் வழியில் கால் தரையில் படக்கூடாது. படத்தில் சரிகை உடையும் நெற்றியில் சிவப்பு எழுத்துமாக ஒரு பயல் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு நன்றாகத் தூங்குகிறான். அம்மாளின் பேரன். பின்னணியில் இன்னொரு அப்பா வியர்வையில் தெப்பமாக நின்று தண்ணீர் குடிக்கிறார்.

ஆனால் இந்தக் கோயில் முன்பு இந்த மேட்டில் இருந்ததில்லை. முன்வாசல் படிகளில் இறங்கி, சாலையைத் தாண்டி, வயல்வெளியில் பத்து நிமிடம் நடந்தால் ஓயுனோஹரா. மூன்று ஆறுகள் கூடும் மணல்திட்டு. தலைமுறை தலைமுறையாகக் கோயில் இங்கேதான் நின்றது. பாலம் கிடையாது. அத்தனை தூரம் நடந்து வந்த அரசரும் வைக்கோல் செருப்பு நனைய ஆற்றில் இறங்கித்தான் போனார். 1889இல் பெருவெள்ளம். ஆற்றின் மேல்பகுதியில் மரங்களை வெட்டித் தள்ளியதும் ஒரு காரணம் என்கிறார்கள். தப்பிய சன்னிதிகளை 1891இல் மேட்டுக்கு மாற்றினார்கள். திட்டின் வாயிலில் 2000ஆம் ஆண்டு எழுப்பிய எஃகுத் தோரணம், 33.9 மீட்டர் உயரம், 42 மீட்டர் அகலம், ஜப்பானிலேயே பெரியது. அதன் காலடியில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. உள்ளேயோ புல்வெளி, மரங்கள், இரண்டு சிறு கல் சன்னிதிகள் மட்டும்.

புல்லில் உட்கார்ந்து மூன்று கோயில்களையும் அம்மாள் மண்ணில் வரைந்தார். ஹொங்கு மேற்கே அமிதாவின் உலகம். ஹயதாமா கிழக்கே மருத்துவ புத்தரின் உலகம். 133 மீட்டர் அருவி விழும் நாச்சி, தெற்கே கன்னோன் என்ற போதிசத்துவரின் உலகமான ஃபுதராக்கு. அந்தத் தென்னுலகத்தைத் தேடித் துறவிகள் நாச்சிக் கடற்கரையிலிருந்து படகில் போனார்கள். ஒரு மாதத்துக்கான உணவு, விளக்கெண்ணெய், வெளியிலிருந்து ஆணியடித்து மூடிய சிறு அறை. ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது முறை அப்படிப் படகு போயிருக்கிறது. கடற்கரைக்கு அருகிலுள்ள ஃபுதராக்குசன்-ஜி கோயிலில் அந்தப் படகின் மாதிரியைப் பார்க்கலாம்.

அக்கா மகள் என் கையைக் கிள்ளினாள். "சித்தி, சொல்லட்டுமா?"

"சொல்லு, சொல்லு!"

சொன்னாள். ஃபுதராக்கு என்று அவர்கள் அழைப்பது புத்த நூல்களின் பொதலகம். தென்னிந்தியாவில், மலய மலையை ஒட்டி அது இருப்பதாக யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அது தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைதான் என்பது சில ஆய்வாளர்கள் கருத்து. தமிழகப் பௌத்தத்தை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசாகா அவர்களில் ஒருவர். லாசாவின் பொதாலா அரண்மனைக்கும் அந்த மலையின் பெயர்தான். "எங்க சித்தி ஊர் அம்பாசமுத்திரம். வீட்டு மாடியில நின்னா அந்த மலை தெரியும்."

அம்மாள் எழுந்தே விட்டார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு நோட்டு வந்தது. பொ-தி-கை என்று மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினார். கேள்விகளை அவர் கேட்க, பதிலை நான் சொல்ல, வேலை தலைகீழாக மாறியது. உயரம்? 1,868 மீட்டர். அங்கே யார் இருக்கிறார்? அகத்திய முனிவர், சிலையாக, உச்சியில். ஆறு? வற்றாது. படகு போகுமா? போகாது, நடக்கத்தான் வேண்டும். நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?

இல்லை என்றேன். உச்சிக்குப் போகிற கேரளத்து வழியில் 2019இல்தான் பெண்களை விடத் தொடங்கினார்கள். இதை அக்கா மகள் மொழிபெயர்த்ததும் அம்மாள் பேனாவை நிறுத்தினார். ஃபுஷியோகாமி மேடு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீளமாக ஏதோ சொன்னார்.

"இனிமே ஒரு சாக்கும் சொல்லக் கூடாதாம் சித்தி. முட்டி நல்லா இருக்கறப்பவே ஏறிடணுமாம். ஏறிட்டு எப்படி இருந்துச்சுன்னு கடுதாசி போடணுமாம். இங்க வர்றவங்களுக்கு அவங்க சொல்லணுமாம்."

பேருந்து நிறுத்தத்துக்கு வரும் வரை கேள்விகள் ஓயவில்லை. எத்தனை நாள் நடை, மேலே எங்கே தூங்குவது, சோறு யார் ஆக்குவார்கள், பாதைக்கு மண் யார் போடுகிறார்கள். வண்டி வந்து, ஏறி உட்கார்ந்து, கதவு மூடப்போகும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஓடி வந்து, பையிலிருந்த மணியைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

"அங்க கரடி இருக்கான்னு கேட்கிறாங்க சித்தி!"

"இருக்கு. யானையும் இருக்கு, புலியும் இருக்குன்னு சொல்லு!"